ஐம்பது நிமிட ரகளை

இரண்டே பாகம், முடியாத கதை, மூச்சு வாங்கும் வேகம். முப்பது வருடம் தாண்டியும் 'டிராகன் ஹாஃப்' சிரிக்க வைப்பது எப்படி?

ஒரு வாள்வீரன் டிராகனைக் கொல்லப் புறப்பட்டான். போன இடத்தில் அதையே கல்யாணம் செய்துகொண்டான். பிறந்த பெண்ணுக்கு மிங்க் என்று பெயர். தலையில் கொம்பு, முதுகில் சிறகு, பின்னால் வால். கோபம் வந்தால் வாயிலிருந்து நெருப்பு. வளர்ந்து பெரியவளான அந்தப் பெண் மனதைப் பறிகொடுத்தது யாரிடம் தெரியுமா? நாட்டுப் பெண்களெல்லாம் உருகும் பாடகன் டிக் சாசரிடம். பாடுவது அவனுடைய ஒரு தொழில். இன்னொரு தொழில், டிராகன்களை வெட்டிச் சாய்ப்பது.

'டிராகன் ஹாஃப்' இவ்வளவுதான். ஜப்பானில் 1993-ல் நேரடியாக வீடியோவாக வந்த அனிமே. இரண்டே பாகங்கள். சேர்த்து வைத்துப் பார்த்தாலும் ஒரு மணி நேரம் ஆகாது. இரண்டாவது பாகம் முடியும்போது கதை பாதி வழியில் நிற்கிறது. அதற்குப் பிறகு மூன்றாவது வரவே இல்லை. அனிமே பார்ப்பவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் இரண்டு விதமான பதில்தான் கிடைக்கும். "வெறும் கூச்சல், தலைவலி" என்பார்கள் சிலர். "இதைப் போல இன்னொன்று வராது" என்பார்கள் மற்றவர்கள். நான் இரண்டாவது கட்சி. அதற்கான காரணங்களைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் கருத்தைச் சுருக்கமாக முதலிலேயே வைத்துவிடுகிறேன். மாயாஜாலக் கதை என்ற வகை ஒரு நாட்டில் நன்றாகப் பழுத்து, அதன் விதிகள் சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமான பிறகுதான் இப்படி ஒரு குறும்படைப்பு பிறக்க முடியும். அப்படிப் பிறக்கும் படைப்பு, அந்த வகையை அதன் விமர்சகர்களைவிடக் கூர்மையாகப் புரிந்து வைத்திருக்கும். அது காட்டும் வேகம் அந்தப் புரிதலிலிருந்து வருவது.

எல்லோருக்கும் விதி தெரிந்த காலம்

1986 மே மாதம் எனிக்ஸ் நிறுவனம் 'டிராகன் குவெஸ்ட்' என்ற வீடியோ கேமை வெளியிட்டது. யூஜி ஹோரி வடிவமைத்த அந்த விளையாட்டுக்கு உருவங்களை வரைந்தவர், 'டிராகன் பால்' வரைந்த அகிரா டோரியாமா. வீரன் ஒருவன் ஊர் ஊராகப் போகிறான், பூதங்களைக் கொல்கிறான், காசு சேர்க்கிறான், வாள் வாங்குகிறான், கடைசியில் பெரிய வில்லனை வீழ்த்துகிறான். ஜப்பானிய வீடுகளில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு தலைமுறைக்கு இந்த வரிசை பாடமாகிப் போனது.

அதே 1986-ல், ர்யோ மிசுனோவும் அவருடைய குழுவினரும் பகடை உருட்டி விளையாடிய கதை விளையாட்டு ஒன்றின் பதிவு 'காம்ப்டிக்' பத்திரிகையில் தொடராக வந்தது. அதிலிருந்துதான் 'ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார்' பிறந்தது. எல்ஃப், குள்ளன், மதகுரு, வீரன் என்று கூட்டணி அமைத்துப் புறப்படும் கதை. 1990-ல் அது 13 பாக அனிமே ஆனபோது, சிரிப்புக்கு அதிக இடம் கொடுக்காத ஒரு காவிய நடை ஜப்பானிய மாயாஜாலக் கதைக்கு நிலைத்துவிட்டது.

இந்த இரண்டுக்கும் நடுவில், 1988-ல், ஃபுஜிமி ஷோபோ பதிப்பகம் 'டிராகன் மேகசின்' என்ற மாத இதழைத் தொடங்கியது. ர்யூசுகே மிட்டா என்ற ஓவியர் அதில் 'டிராகன் ஹாஃப்' மாங்காவை, அதாவது படக்கதையை, வரையத் தொடங்கினார். 1994 வரை ஓடி ஏழு தொகுதிகள் ஆனது. மிட்டாவின் வாசகர்களுக்கு டிராகன் என்றால் என்ன, எல்ஃப் என்றால் யார் என்று விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவர்கள் அவற்றோடு புழங்கியவர்கள். அதனால் அவர் முதல் பக்கத்திலிருந்தே விதிகளை உடைக்கத் தொடங்கலாம்.

ஓர் உதாரணம் போதும். கதையின் திமிர்பிடித்த இளவரசி வினா. மிங்க் காதலிக்கும் அதே டிக் சாசரைத்தான் இவளும் காதலிக்கிறாள். ராஜாவின் மகள், அழகி, அகங்காரி. ஆனால் அவளும் பாதிப் பிறவிதான். உடம்பில் ஓடும் மறுபாதி ரத்தம் ஸ்லைமுடையது. 'டிராகன் குவெஸ்ட்' விளையாடியவர்களுக்கு ஸ்லைம் யாரென்று தெரியும். விளையாட்டைத் தொடங்கியதும் எதிரே வரும் அந்தக் கொழகொழ நீலத் துளி; பூதங்களிலேயே எளிதில் சாகும் பூதம். டிராகன் ரத்தம் ஓடும் ஏழை வீட்டுப் பெண்ணும், ஸ்லைம் ரத்தம் ஓடும் அரண்மனைப் பெண்ணும் எதிரெதிரே நிற்கும்போது, அரச குலத்தின் பெருமை முழுவதும் ஒரு நொடியில் சரிந்துவிடுகிறது. ஒரு வரி விளக்கம்கூடத் தேவைப்படவில்லை. ஐம்பது நிமிடத்தில் இவ்வளவு நகைச்சுவையை அடைக்க முடிந்த ரகசியம் இதுதான். அறிமுகத்துக்குச் செலவாகும் நேரத்தைப் பார்வையாளரின் நினைவே மிச்சப்படுத்திக் கொடுத்துவிடுகிறது.

டி.வி.க்கு வெளியே ஒரு களம்

இந்த மாங்காவை அனிமே ஆக்கியவர்கள் டி.வி. சேனலுக்குப் போகவில்லை. நேரடியாக வீடியோ கடைக்கு வரும் அனிமேக்களுக்கு ஜப்பானில் ஓ.வி.ஏ. என்று பெயர். 1983-ல் மாமோரு ஓஷியின் 'டல்லோஸ்' அந்தப் பாதையைத் திறந்தது. டி.வி. தொடர் என்றால் வாரா வாரம் பாகம் கொடுக்க வேண்டும், பொம்மை நிறுவனத்தைத் திருப்திப்படுத்த வேண்டும், வீட்டில் எல்லோரும் பார்க்கும் நேரத்துக்குத் தகுந்தபடி அடக்கி வாசிக்க வேண்டும். ஓ.வி.ஏ.வுக்கு அந்தக் கட்டுகள் குறைவு. வாங்குகிறவர் ரசிகர், அவருக்குப் பிடித்தால் போதும்.

சின்யா சடமிட்சு இயக்கிய இந்த இரண்டு பாகங்களுக்கும் படங்களை வரைந்து உயிர் கொடுத்தது புரொடக்ஷன் ஐ.ஜி. ஸ்டூடியோ. இரண்டு ஆண்டு கழித்து, 1995-ல், 'கோஸ்ட் இன் தி ஷெல்' மூலம் உலகம் முழுவதும் பேர் வாங்கப்போகும் அதே ஸ்டூடியோ. 1993-லேயே ஓஷியின் 'பாட்லேபர் 2' படமும் அங்கிருந்து வந்தது. பனி பொழியும் டோக்கியோவையும் மௌனத்தையும் வைத்துப் போர், அமைதி பற்றி நிதானமாக யோசிக்கும் படம். ஒரே ஆண்டில் ஒரே ஸ்டூடியோவிலிருந்து அப்படி ஒரு படமும் இப்படி ஒரு ரகளையும் வந்திருக்கின்றன. 'டிராகன் ஹாஃப்'பைப் பொறுப்பில்லாதவர்கள் கிறுக்கித் தள்ளியது என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். மெதுவாகச் சொல்லத் தெரிந்த கைகள்தான் இதையும் செய்தன.

வேகத்தைச் செய்வது எப்படி

பார்க்கும்போது எல்லாம் தாறுமாறாக நடப்பது போலத் தோன்றும். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தாறுமாறு எதுவும் இல்லை.

முதலில் முகங்களைக் கவனியுங்கள். மிங்க் ஒரு காட்சியில் அழகான, விளக்கமாக வரையப்பட்ட பெண். அடுத்த நொடி பெரிய தலையும் குட்டி உடம்புமாகச் சுருங்கி, நாலு கோட்டில் வரைந்த பொம்மை ஆகிவிடுகிறாள். இந்த மாற்றத்துக்கு இடையில் அவள் சுருங்குவதைக் காட்டும் படங்கள் இல்லை. வெட்டு விழுகிறது, ஆள் மாறிவிடுகிறாள். அன்றைக்கு ஒவ்வொரு படமும் செல்லுலாய்டு தாளில் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. கோடு குறையக் குறைய வேலையும் குறையும். பணத்தை மிச்சப்படுத்தும் இந்த வழியையே சிரிப்பு வரவழைக்கும் வழியாகவும் மாற்றியதுதான் இவர்களின் சாமர்த்தியம். இடைப்படங்கள் இல்லாததால் நம் கண் தயாராவதற்குள் நகைச்சுவை வந்து விழுந்துவிடுகிறது.

அடுத்தது குரல். மிங்க்குக்குக் குரல் கொடுத்தவர் கோட்டோனோ மிட்சுயிஷி. 1992-ல் தொடங்கிய 'செய்லர் மூன்' தொடரில் உசாகியாகப் பேசி அப்போதுதான் வீடு வீடாகத் தெரிந்தவராகியிருந்தார். பின்னாளில் 'எவாஞ்சலியன்' மிசாட்டோவும், 1999-ல் 'எக்செல் சாகா'வில் மூச்சு விடாமல் பேசும் எக்செலும் அவர்தான். ஒரு வாக்கியத்தைக் காதலில் குழைந்து தொடங்கி, நடுவில் அலறி, முடியும்போது அழுகையாக்கும் திறமை அவருடையது. ஜப்பானில் பெரும்பாலும் படம் வரைந்த பிறகுதான் குரல் பதிவு செய்வார்கள். வரைந்த வாய் எவ்வளவு நேரம் அசைகிறதோ அதற்குள் பேசி முடிக்க வேண்டும். அந்த இறுக்கத்துக்குள் இவ்வளவு ஏற்ற இறக்கம் கொண்டுவருவது லேசான காரியம் அல்ல.

மூன்றாவது இசை. கோஹெய் தனகாவின் கை பட்டது. இறுதிப் பாட்டைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். முட்டை ஆம்லெட் செய்வது பற்றி ஒரு பெண் பாடுகிறாள். மெட்டு, பேத்தோவனின் ஏழாம் சிம்பொனியிலிருந்து எடுத்தது. பாடுபவரும் மிட்சுயிஷியேதான். உலகம் வணங்கும் ஒரு மெட்டைச் சமையலறைக்கு இழுத்து வருகிறார்கள். அதைச் சிதைக்காமல், தாளம் தப்பாமல், முழு ஆர்வத்தோடு பாடுகிறார்கள். பகடி செய்யும் பொருளின் மேல் மரியாதை இருந்தால்தான் இப்படி உழைக்கத் தோன்றும். இந்த அனிமேயின் குணம் முழுவதும் அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது என்று சொல்வேன்.

பாதிப் பிறவி, முழு ஆசை

தொழில்திறமை மட்டும் இருந்திருந்தால் 'டிராகன் ஹாஃப்' இத்தனை வருடம் நிலைத்திருக்காது. அதற்குள் ஓர் ஏக்கம் இருக்கிறது.

மிங்க்கின் பிரச்சினையை நிதானமாக யோசித்தால் சிரிப்பு வராது. அவள் யாரை நேசிக்கிறாளோ, அவனுடைய வேலையே அவளுடைய தாயின் இனத்தைக் கொல்வது. அவளுக்கு ஆசை வந்த அதே உடம்புதான் அந்த ஆசைக்குத் தடை. டிராகனாகவும் ஊரில் இடமில்லை, மனுஷியாகவும் ஒப்புக்கொள்ள ஆளில்லை. தன்னை முழு மனிதப் பிறவி ஆக்கும் மருந்து ஒன்று உண்டு என்று நம்பித்தான் அவள் புறப்படுகிறாள். இதே கதையைக் கண்ணீரோடு 26 பாகங்களுக்கு இழுக்க முடியும். மிட்டா அதைச் சிரிப்பாகச் சொல்கிறார். ஆனால் அந்த ஆசையைக் கேலி செய்வதில்லை.

அவளுடைய வீட்டைப் பாருங்கள். அப்பா ரூத், அம்மா மானா. ஒருவர் டிராகன் வேட்டைக்காரர், இன்னொருவர் டிராகன். அவர்களுக்குள் சண்டை உண்டு. அம்மா நெருப்பு கக்கினால் அப்பா கருகுவார். ஆனாலும் அது சந்தோஷமான வீடு. வேட்டைக்காரனும் வேட்டைப்பொருளும் சேர்ந்து குடும்பம் நடத்த முடியும் என்பதற்கு மிங்க்கின் பெற்றோரே சாட்சி. டிக் சாசர் விஷயத்தில் அவள் நம்பிக்கை இழக்காததற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? சத்தமும் அடிதடியும் நிறைந்த இந்தக் கதையின் அடியில் இருக்கும் நியாயம் இது. கூடவே வரும் தோழிகள் லூஃபாவும் பியாவும்கூட அவளுடைய கொம்பையும் வாலையும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

அதனால்தான் அவள் அடி வாங்கும்போதும், அவமானப்படும்போதும், அடுத்த நொடியே எழுந்து ஓடும்போதும் நாம் அவள் பக்கம் நிற்கிறோம். ஓட்டமாக ஓடும் கதையில் பார்ப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும். இங்கே அது மிங்க்கின் பிடிவாதம்.

குறைகள் உண்மைதான்

எதிர்க்கட்சி சொல்வதை ஒதுக்கித் தள்ள நான் தயாரில்லை.

கதை முடியவில்லை என்பது முதல் குற்றச்சாட்டு. அது உண்மை. மருந்து என்ன ஆனது, டிக் சாசர் மனம் மாறினானா என்று அறிய விரும்புபவர்கள் மாங்காவைத்தான் தேட வேண்டும். ஆனால் இந்த அனிமேயின் சுவை முடிவில் இல்லை. ஒவ்வொரு காட்சியும் தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொள்கிறது. இரண்டாவது பாகத்தில் வரும் சண்டைப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். யார் ஜெயிப்பார் என்ற கேள்வி அங்கே ஒரு சாக்கு. எத்தனை விதமாகப் போட்டியின் விதிகளைக் கவிழ்க்கலாம் என்பதுதான் காட்சி.

பெண்களின் உடம்பை வைத்துச் செய்யும் கிண்டல்கள் இரண்டாவது குற்றச்சாட்டு. இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. மிங்க்கின் உடையும் கேமரா அவளைப் பார்க்கும் விதமும் அந்தக் காலத்து இளைஞர் பத்திரிகையின் பழக்கத்திலிருந்து வந்தவை. 1993-ல் அவை வழக்கமாக இருந்தன என்பதால் இன்று சரியாகிவிடாது. அந்த இடங்களில் நகைச்சுவையும் சோம்பலாகத்தான் இருக்கிறது. எந்தக் கதையிலும் ஒட்டவைக்கக்கூடிய சரக்கு. மிட்டாவுக்கே உரிய நகைச்சுவைகளோடு அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, களைப்பு. ஒரே மூச்சில் இரண்டு பாகங்களையும் பார்த்தால் சிலருக்குத் திகட்டும். அவர்களுக்கு ஒரு யோசனை: ஒரு பாகத்தை இன்று பாருங்கள், மற்றதை நாளை. இப்படிப்பட்ட படைப்பு குறுகியதாக இருப்பதில் ஒரு நேர்மை உண்டு. தன் வேகத்தை ஒரு மனிதரால் எவ்வளவு நேரம் தாங்க முடியும் என்று அதற்குத் தெரியும்.

வேகம் மட்டும் இருந்தால்

'டிராகன் ஹாஃப்' வந்த அதே 'டிராகன் மேகசின்' வளர்த்த இன்னொரு கதை 'ஸ்லேயர்ஸ்'. 1995-ல் 26 பாக டி.வி. தொடராக வந்தது. மெகுமி ஹயாஷிபாரா குரலில் லினா இன்வர்ஸ் என்ற மந்திரக்காரி அடிக்கும் லூட்டி முதல் பாதியில் களைகட்டும். பாகங்கள் நிறைய இருப்பதால் பிற்பாதியில் கதை கனமாகிறது. உலகம் அழியும் ஆபத்து வருகிறது. நல்ல தொடர்தான். ஆனால் நீளம் கூடும்போது கேலி செய்த காவியத்துக்கே மறுபடி திரும்ப வேண்டிய கட்டாயம் வந்துவிடுவதை அதில் பார்க்கலாம்.

எதிர்முனைக்குப் போனால் 2001-ல் வந்த 'புனி புனி போயமி'. இதுவும் இரண்டே பாகம். ஷினிச்சி வாட்டனாபே இயக்கியது. மந்திரப் பெண் கதைகளைப் பகடி செய்வது. வேகத்தில் 'டிராகன் ஹாஃப்'பையே தோற்கடிக்கும். ஆனால் எனக்கு அது ஒட்டவில்லை. போயமி கத்துகிறாள், ஓடுகிறாள், எதையும் உண்மையாக ஆசைப்படுகிறாளா என்று நம்மால் உணர முடிவதில்லை. சிறுமிகளைப் பாலியல் பொருளாகக் காட்டும் அதன் போக்கு இன்னும் மோசம். நியூசிலாந்துத் தணிக்கை அமைப்பு அதைத் தடையே செய்தது. பிடித்துக்கொள்ள ஆசை இல்லாத இடத்தில் வேகம் வெறும் இரைச்சலாகிவிடும் என்பதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான சாட்சி அதுதான்.

இன்னும் சுருக்கமாகச் செய்ய முடியுமா என்று கேட்டால், 2013-ல் வந்த 'சென்யூ'வைச் சொல்வேன். யூட்டாகா யாமமோட்டோ இயக்கிய அதன் ஒவ்வொரு பாகமும் ஐந்து நிமிடம்தான். பழைய வீரனின் வாரிசு யாரென்று தெரியாததால் ராஜா 75 பேரை மொத்தமாக அனுப்பி வைக்கிறார். அவர்களில் ஒருவனான ஆல்பாவோடு துணைக்கு வரும் ராஸ், எதிரிகளைவிட அதிகமாக அவனையே குத்திக் காயப்படுத்துகிறான். ஒருவர் அபத்தமாக நடந்துகொள்ள, மற்றவர் அதைத் தட்டிக் கேட்கும் மான்சாய் என்ற மேடை நகைச்சுவை ஜப்பானில் உண்டு. ஒசாகாவில் வளர்ந்த கலை. 'சென்யூ' அதை அப்படியே மாயாஜால உலகத்தில் கொண்டு வந்து வைத்தது.

அதன் பிறகு 2016-ல் 'கோனோசுபா'. நட்சுமே அகட்சுகி இணையத்தில் எழுதிய கதை. டகாவோமி கனசாகி இயக்கத்தில் ஸ்டூடியோ டீன் செய்த முதல் பருவம் பத்தே பாகங்கள். இறந்துபோன இளைஞன் வேறு உலகத்தில் வீரனாகப் பிறக்கும் கதைகள் அதற்குள் ஜப்பானில் குவிந்திருந்தன. ஒவ்வொன்றும் வீரனுக்கு அபார சக்தி கொடுத்து அனுப்பும். இங்கே கசுமாவுக்குக் கிடைக்கும் கூட்டணி வேறு: வேலைக்காகாத தேவதை அக்வா, ஒரு நாளைக்கு ஒரே ஒரு வெடிப்பு மந்திரம் போட்டதும் சுருண்டு விழும் மெகுமின், வாளால் யாரையும் அடிக்கத் தெரியாத வீராங்கனை டார்க்னஸ். அவர்களின் முதல் பெரிய சவால் ராட்சதத் தவளைகள். மறுபடியும் அதே வரிசை: ஒரு வகை பழுக்கிறது, விதிகள் எல்லோருக்கும் மனப்பாடமாகின்றன, அவற்றைக் குப்புறக் கவிழ்க்க ஒரு குட்டி ரகளை பிறக்கிறது. கசுமாவின் கூட்டணியும் வேலைக்காகாது என்றாலும் ஒருவரை ஒருவர் விட்டுப் போவதில்லை. மிங்க்கின் வீட்டில் இருந்த அதே பாசம்.

எப்படி மதிப்பிடுவது

அனிமே பற்றிய பேச்சில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. நீளமாக இருந்தால் பெரிய படைப்பு, உலகத்துக்கு வரைபடமும் வரலாறும் இருந்தால் ஆழமான படைப்பு, கடைசியில் அழ வைத்தால் சிறந்த படைப்பு. இந்த அளவுகோலை வைத்தால் 'டிராகன் ஹாஃப்' எப்போதும் தோற்கும். அளவுகோல்தான் தவறு என்கிறேன். ஒரு நகைச்சுவையைப் பார்த்துக் கேட்க வேண்டியவை வேறு கேள்விகள். எதைக் கேலி செய்கிறது, அதை எவ்வளவு தெரிந்துகொண்டு செய்கிறது? கேலிக்கு ஆளாகிறவர் மேல் அன்பு இருக்கிறதா? எடுத்துக்கொண்ட நேரத்தில் வீணானது எவ்வளவு? இந்த மூன்றிலும் 'டிராகன் ஹாஃப்' நின்று காட்டுகிறது. உடம்பை வைத்துச் செய்த கிண்டல்களைத் தவிர வீணான நிமிடம் என்று எதையும் என்னால் காட்ட முடியவில்லை.

பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. இதுவே நீங்கள் பார்க்கும் முதல் மாயாஜால அனிமே ஆக வேண்டாம். 'லோடாஸ் வார்' போன்ற ஒன்றைக் கொஞ்சமாவது பார்த்துவிட்டு, அல்லது 'டிராகன் குவெஸ்ட்' வகை விளையாட்டு ஒன்றைச் சில மணி நேரம் விளையாடிவிட்டு இதற்கு வாருங்கள். விதி தெரிந்தவருக்குத்தான் விதிமீறலின் சுவை முழுவதும் கிடைக்கும். ஜப்பானிய ஒலியிலேயே பாருங்கள். மிட்சுயிஷியின் குரலை இழந்தால் பாதி போய்விடும். பிள்ளைகளோடு உட்காரும் முன் ஒரு தடவை நீங்கள் பார்த்துவிடுங்கள். கதை பாதியில் நிற்கும்போது ஏமாற்றமாக இருந்தால், அந்த ஏமாற்றத்தை நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது நிமிடத்தில் ஒரு பெண்ணின் ஆசை நிறைவேற வேண்டும் என்று நம்மையும் ஆசைப்பட வைத்திருக்கிறார்கள். கத்தலுக்கும் ரகளைக்கும் நடுவில் அதைச் சாதித்தவர்களைக் கலைஞர்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.